தேயிலைக் கொழுந்தில் செம்பு

இலங்கைத் தேயிலையின் வரலாறு பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கிலும் இறாத்தல் கணக்கிலும் எழுதப்பட்டுள்ளது. தோட்டத் தொழிலாளரின் வரலாறும், காலந்தாழ்த்தியேனும், எழுதப்பட்டு வருகின்றது. பறித்த கொழுந்து தேயிலையாக மாறும் அச்சில மணி நேரத்தில் அதனுள் நிகழ்வது யாது என்ற வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று தலவாக்கலையில் எழுதப்பட்டது என்பதை மலையகத்தாருள்ளும் பலர் அறியார்.

1867இல் லூல்கந்துர தோட்டத்தின் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் பங்களா விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டுவித்து, மண் அடுப்பின் கரித்தணலில் உலர்த்துவித்தார். பின்வந்த இயந்திரங்கள் அளவைப் பெருக்கினவேயன்றி அடிப்படை முறையை மாற்றவில்லை. வாட்டிய கொழுந்தை அரைத்துப் பரப்பி வைத்தால் பச்சை மறைந்து செம்புநிறம் ஏறும். புல்வாடை போய்த் தேயிலையின் மணம் எழும். இதற்கு ‘நொதித்தல்’ என்று பெயரிட்டனர். கள் நொதிப்பதைப்போல் நுண்ணுயிர்களே இங்கும் தொழிற்படுகின்றன என்று முன்னர்ப் பலர் கருதியமையே அப்பெயருக்குக் காரணம். அக்கருத்துப் பிழையென்றான பின்பும் பெயர் நிலைத்துவிட்டது. எனினும் தமிழில் ‘நொதியம்’ என்ற சொல்லும் அதே அடியிற் பிறந்ததாதலின், பிழையான பெயர் தமிழில் மட்டும் தற்செயலாகப் பாதி சரியாகிவிட்டது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாமில் ஹரல்ட் மானும் இலங்கையில் கெல்வே பம்பரும் செய்த ஆய்வுகளால், கொழுந்திலேயே உள்ள ஒட்சியேற்றும் நொதியம் ஒன்றே இம்மாற்றத்தின் ஊக்கி என்பது புலனாயிற்று. ஆயின் அந்நொதியம் எவ்வகைத்து? அதனுள் உலோகம் உண்டெனின் அஃது எவ்வுலோகம்? இவ்வினாக்களுக்கு விடை கிடைக்க மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன.

1925இன் சட்டமொன்றினால் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் முதலில் நுவரெலியாவில் இயங்கிப் பின்னர்த் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துக்கு இடம் மாறியது. அங்கு பணியாற்றிய ஜே. லாம்ப் என்னும் உயிர் இரசாயனரும் எச். பி. ஸ்ரீரங்காச்சாரும் கொழுந்தில் ஒட்சியேற்றப்படும் பதார்த்தம் பற்றி 1940இல் கட்டுரை வெளியிட்டனர். நொதியத்தைப் பற்றிய ஆய்வை ஸ்ரீரங்காச்சார் தொடர்ந்தார். அது பொலிபீனோல் ஒட்சிடேசு என்பதும், செம்பைத் தன்னுட் கொண்ட புரதம் என்பதும் 1943 வரையில் அவர் வெளியிட்ட கட்டுரைகளின் முடிபு.

இம்முடிபு எளிதில் ஏற்கப்படவில்லை. அசாமின் டொக்லாய் நிலையத்தில் இருந்த ஈ. ஏ. எச். ரொபேட்ஸ், சைற்றோகுரோம் ஒட்சிடேசே காரணம் என வாதிட்டார். சயனைட்டு இரு நொதியங்களையும் முடக்குமாதலால் அதனைக்கொண்டு மட்டும் வழக்கைத் தீர்த்தல் இயலாது. காபனோரொட்சைட்டும் இரண்டையும் தடுக்கும். ஆனால் சைற்றோகுரோம் ஒட்சிடேசு மீதான தடை ஒளிபட்டால் நீங்கும், செப்புப் புரதத்தின் மீதான தடை நீங்காது. இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே அக்கால இரசாயனர் இவ்வகை நொதியங்களைப் பிரித்தறிந்தனர். பின்னர் ரொபேட்சும் பொலிபீனோல் ஒட்சிடேசை ஏற்றார். 1966இல் கிரகரியும் பெண்டலும் அந்நொதியத்தைத் தூய்மைப்படுத்தி ஆராய்ந்தபோது அதிற் செம்பு உள்ளமை மேலும் உறுதியாயிற்று. பெரிய நிலையங்களின் பெயர்கள் பரவிய அளவுக்கு ஸ்ரீரங்காச்சாரின் பெயர் பரவவில்லை.

இந்நொதியம் வளியின் ஒட்சிசனைக் கொண்டு கற்றெக்கின்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. அவை தம்முள் இணைந்து தேநீருக்கு நிறந்தரும் தியாபிளேவின்களும் தியாறுபிஜின்களும் ஆகின்றன. அரைத்த கொழுந்தின் செம்புநிறம் இவற்றால் வருவதேயன்றி உலோகச் செம்பால் வருவதன்று. ஆயினும் உள்ளிருக்கும் செம்பு குறைந்தால் அந்நிறம் பிறவாது. இன்று மலாவி எனப்படும் நியாசலாந்தில் செம்புக் குறைவுற்ற செடிகளின் கொழுந்து சரிவர நொதிக்கவில்லை. செம்பைத் தெளித்தபின் குறை நீங்கிற்று. இலங்கையிலோ 1946இல் கொப்புள நோய் பரவியபின், அதன் பூஞ்சணத்தை ஒழிக்கச் செப்புச் சேர்வைகள் மலைதோறும் தெளிக்கப்பட்டன. ஒரே உலோகம் இலையின் உள்ளே ஊக்கியாகவும் வெளியே நஞ்சாகவும் பணி செய்தது.

நொதியத்தின் உலோகம் அறியப்பட்டு ஐந்தாண்டு செல்வதற்குள், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் கொழுந்து பறித்தோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இலையின் அணுவுக்குக் கிடைத்த அங்கீகாரம் அதனைப் பறித்த கைக்குக் கிடைக்கவில்லை.

செம்பு புரதத்தில் எவ்வாறு அமர்ந்துள்ளது என்பது 1998இல், வற்றாளைக் கிழங்கின் இனமொத்த நொதியத்தின் பளிங்கமைப்பு அறியப்பட்டபோது தெளிவாயிற்று. ஈர் அணுச் செம்பு அருகருகே நிற்க, ஒவ்வொன்றையும் மூன்று நைதரசன் அணுக்கள் பிடித்திருக்கின்றன. உலோகத்தைச் சேதன மூலக்கூறுகளால் இவ்வாறு பிணித்து, இடையில் வெற்றிடம் விட்டு, பளிங்காகக் கட்டும் முயற்சியும் ஏறத்தாழ இக்காலத்தில் வளர்ந்ததே. ரிச்சட் ரொப்சன் 1989இல் செப்பு அயன்களைக் கொண்டு அத்தகைய சட்டகமொன்றை அமைத்தார். அவருக்கும் சுசுமு கிற்றகாவா, ஒமர் யாகி ஆகியோருக்கும் உலோக-சேதனச் சட்டகங்களுக்காக 2025இன் இரசாயனவியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1999இல் ஹொங்கொங்கில் ஆக்கப்பட்ட சட்டகத்திலும் செம்பு இணையிணையாகவே நிற்கின்றது. அதனைப் பற்றிய நீரைச் சூடாக்கி அகற்றினால் செம்பின் ஒரு பக்கம் வெறுமையாகி, ஊக்கியாகத் தொழிற்படத் தயாராகிறது.

தேயிலை நொதியத்தின் செய்தி இதற்கு நேர்மாறு. வெப்பம் அதனைத் திறப்பதில்லை, அழிக்கிறது. அதன் வேலையை எப்போது நிறுத்துவது என்பதே தேயிலைத் தொழிலின் நுட்பம். பரப்பிய கொழுந்தின் நிறத்தைப் பார்த்து, கையில் அள்ளி முகர்ந்து, “போதும்” என்று டீமேக்கர் சொன்ன பின்னரே அது உலர்த்தும் அடுப்புக்குச் செல்லும். செம்பு என்ற விடை வருவதற்கு முன்னும், வந்த பின்னும் அவ்வாறே நடந்தது.