காஷெல்: விலைக்குப் போன ஒரு தொகுதி

அயர்லாந்தின் டிப்பரெரி மாவட்டத்தில் காஷெல் என்று ஒரு சின்ன ஊர். பாறைக் குன்றின் மேல் இடிந்த தேவாலயமும் வட்டக் கோபுரமும் நிற்கும். மன்ஸ்டர் அரசர்கள் இருந்த இடம். சுற்றுலா போகிறவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் இந்த ஊர் எம்.பி. அனுப்பிய கதை அதைவிட சுவாரஸ்யமானது.

1801-ல் அயர்லாந்தின் தனிப் பார்லிமெண்ட் ஒழிக்கப்பட்டபோது 84 ஊர்கள் தொகுதி என்ற தகுதியை இழந்தன. ஒவ்வொரு தொகுதிக்கும் 15,000 பவுண்டு நஷ்டஈடு. யாருக்கு? ஊர் ஜனங்களுக்கு இல்லை, பெரும்பாலும் தொகுதியைக் கைக்குள் வைத்திருந்த பிரபுக்களுக்கு! காஷெல் தப்பியது, லண்டனுக்கு ஒரு எம்.பி. அனுப்பலாம் என்று ஆனது. ஆனால் ஊர் பென்னிஃபாதர் குடும்பத்தின் பிடியில் இருந்தது.

1802 முதல் 1806 வரை எம்.பி.யாக இருந்த வில்லியம் விக்காம் ஒரு ஆங்கிலேயர். அயர்லாந்து நிர்வாகத்தின் தலைமைச் செயலரும் அவர்தான். புரட்சிக்காரர் ராபர்ட் எம்மெட் 1803-ல் தூக்கிலிடப்பட்ட அன்று காலை இவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அது விக்காமின் மனசை அரித்தது. அடுத்த வருடமே பதவியை விட்டுவிட்டார். காஷெலின் எம்.பி.க்களில் மனசாட்சி உறுத்தி வேலையை விட்டவர் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும்.

1809 ஏப்ரலில் வந்தவர் ராபர்ட் பீல், பின்னாளில் பிரிட்டன் பிரதமர். அப்போது வயது 21. பருத்தி ஆலை முதலாளியான அப்பா பணம் கொடுத்தார். ஏற்பாட்டில் உதவியவர் ஆர்தர் வெல்லஸ்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராகப் போரிட்ட அதே ஆள். பட்டியலில் இருந்த வாக்காளர்கள் 24 பேர்தான். அதே வருடமே சீட்டு விற்பதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. பீல் சரியான நேரத்தில் உள்ளே நுழைந்துவிட்டார்!

1832 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் ஊர்க்காரர்களில் கொஞ்சம் பேருக்காவது ஓட்டு கிடைத்தது. 1835-ல் ஸ்டீபன் வுல்ஃப் என்ற கத்தோலிக்கர் ஜெயித்தார். அதற்குப் பிறகு ஓட்டுக்குத் துட்டு என்ற வியாதி தொற்றியது. 1868 தேர்தலில் ஜெயித்த ஓபெர்னின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பானது. விசாரணைக் கமிஷன் வந்தது. 1870-ல் காஷெலின் தொகுதி உரிமையே பறிக்கப்பட்டது. ஸ்லைகோவுக்கும் அதே கதி. இங்கிலாந்தில் பெவர்லியும் பிரிட்ஜ்வாட்டரும் அதே வருடம் தண்டிக்கப்பட்டன, எனவே அயர்லாந்தை மட்டும் குறிவைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் உறுத்துகிறது. ஒரு பணக்காரர் தொகுதியையே மொத்தமாக வாங்கியபோது அவருடைய மகன் பிரதமராகும் பாதையில் ஏறினார். சில்லறையாக ஓட்டை விற்ற ஏழைகளின் காலத்தில் ஊரே தொகுதியை இழந்தது. லஞ்சம் வாங்காதவரும் சேர்ந்துதான் இழந்தார்.

ரகசிய வாக்கெடுப்பு 1872-ல் வந்தது. காஷெல் தொகுதி அதைப் பார்க்கவேயில்லை.