டிரையன் அரண்மனை

டிரையன் அரண்மனை, ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள நியூ பெர்ன் நகரில், டிரென்ட் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. பிரித்தானியக் குடியேற்ற ஆட்சியின்போது ஆளுநரின் இல்லமாகவும் அரசு அலுவலகமாகவும் 1767 முதல் 1770 வரையான காலப்பகுதியில் கட்டப்பட்டது. 1798 இல் தீக்கிரையான இதன் முதன்மைக் கட்டடம், 1950களில் அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்டு 1959 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

வரலாறு

1765 இல் ஆளுநரான வில்லியம் டிரையன், நியூ பெர்னை நிலையான தலைநகராக்க விரும்பினார். இங்கிலாந்திலிருந்து அவருடன் வந்த கட்டடக் கலைஞர் ஜான் ஹாக்ஸ், ஜோர்ஜியப் பாணியில் இதனை வடிவமைத்தார். செங்கல்லாலான நடுக்கட்டடத்தின் இரு புறமும் சமையற்கூடமும் குதிரை லாயமும் தனிக் கட்டடங்களாக அமைந்தன. வளைந்த தூண் நடைகள் அவற்றை நடுக்கட்டடத்துடன் இணைத்தன.

இதற்கான செலவு ஏறத்தாழ 15,000 பவுண்டுகள். இத்தொகையைத் திரட்டத் தலைவரி விதிக்கப்பட்டது. செல்வரும் ஏழையும் ஒரே அளவு செலுத்த வேண்டியிருந்ததால், கடற்கரையிலிருந்து தொலைவில் வாழ்ந்த மேற்குப் பகுதி உழவர்கள் கடும் அதிருப்தி அடைந்தனர். அதிகாரிகளின் முறைகேடுகளை ஏற்கெனவே எதிர்த்து வந்த "ரெகுலேட்டர்" இயக்கத்தினருக்கு இது மேலும் ஒரு குறையாயிற்று. 1771 மே 16 அன்று அலமான்ஸ் என்னுமிடத்தில் டிரையனின் படை அவர்களைத் தோற்கடித்தது. அடுத்த மாதம் அறுவர் தூக்கிலிடப்பட்டனர்.

டிரையன் இம்மாளிகையில் வாழ்ந்தது ஓராண்டளவே. 1771 இல் அவர் நியூயார்க்கின் ஆளுநராகச் சென்றார். அவருக்குப் பின் வந்த ஜோசையா மார்ட்டின், புரட்சி மூண்டதால் 1775 இல் தப்பியோடினார். பின்னர் மாநில அரசு இதனைப் பயன்படுத்தியது. 1794 இல் ராலே தலைநகரானது. 1798 பெப்ரவரி 27 அன்று நிலவறையில் பற்றிய தீ நடுக்கட்டடத்தை அழித்தது. அவ்விடத்தின் குறுக்கே பின்னாளில் சாலையும் வீடுகளும் அமைந்தன.

மீள்கட்டுமானம்

1939 இல் ஹாக்சின் வரைபடங்கள் நியூயார்க்கில் கண்டறியப்பட்டன. மோட் மூர் லேத்தம் என்பவர் பெருந்தொகை வழங்கினார். நிலத்தை மாநில அரசு வாங்கியது. 1952 இல் பணிகள் தொடங்கின. அறைகலன்களைத் தேர்வு செய்ய வேறொரு தீவிபத்து உதவியது. டிரையனின் நியூயார்க் இல்லம் 1773 இல் எரிந்தபோது, அவர் இழந்த பொருட்களுக்கு ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அறைகளை நிரப்ப அப்பட்டியலே வழிகாட்டியாயிற்று.

தோட்டங்கள்

தோட்டங்களுக்கு இத்தகைய சான்று அப்போது கிடைக்கவில்லை. எனவே மோர்லி ஜெஃபர்ஸ் வில்லியம்ஸ், 18 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தோட்டங்களைப் பின்பற்றி அவற்றை அமைத்தார். கத்தரித்த பசுவேலிகளுக்கிடையே மலர்ப்பாத்திகள் கொண்ட லேத்தம் தோட்டம், காய்கறிகளும் மூலிகைகளும் வளரும் சமையல் தோட்டம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. 1991 இல், 1783 இல் நியூ பெர்னுக்கு வந்திருந்த பிரான்சிஸ்கோ டி மிராண்டாவின் ஆவணங்களிடையே, தோட்டத்தின் பழைய வரைபடம் ஒன்று வெனிசுவேலாவில் கண்டறியப்பட்டது. அது பிரெஞ்சுப் பாணியின் செல்வாக்கைக் காட்டியது.

பார்வையாளர் கவனத்திற்கு

இவ்வளாகத்தின் பகுதிகள் ஒரே அளவு சான்றுடையவை அல்ல. மேற்கிலுள்ள குதிரை லாயம் மட்டுமே தீயில் தப்பி எஞ்சிய பழைய கட்டடம். நடுக்கட்டடம் மூல வரைபடங்களின்படி எழுந்தது. தோட்டங்களோ 20 ஆம் நூற்றாண்டின் ஊகத்தில் உருவானவை.