மடற்குழுவின் சுமையும் தமிழெழுத்தின் எடையும்

நூலின் அளவை எழுத்தெண்ணிக் கூறுதல் தமிழகத்தில் நெடுங்கால வழக்கு. திருவாய்மொழி உரைகள் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என அளவினாற் பெயர் பெற்றதை யாவரும் அறிவர். ஒற்று நீங்கலாக முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. திருக்கடிகை எனப் பாடல்பெற்ற சோளிங்கர் போன்ற வைணவத் தலங்களில் இப்பெயர்கள் இன்றும் அன்றாட வழக்கில் உள்ளன. ஏட்டுக்கு எழுத்து எவ்வளவு என்ற இப்பழைய வினாவே, மின்னஞ்சல் மடற்குழுக்கள் தோன்றியபோது, கம்பிவழிச் செல்லும் சுமை எவ்வளவு என்ற புது வடிவில் எழுந்தது. அச்சுமையை மதிப்பிடும் முறையையும், அதில் தமிழெழுத்தின் பங்கையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

மலேசியாவிற் பிறந்து ஆத்திரேலியாவிற் குடியேறிய பாலா பிள்ளை 1995இல் தமிழ்.நெட் என்னும் மடற்குழுவைத் தொடங்கினார். அதற்கு முன் இணையத்தில் தமிழர் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே தமிழை ஒலிபெயர்த்து எழுதினர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும், மலேசியாவின் முத்து நெடுமாறனது முரசு அஞ்சலும் தமிழெழுத்தில் மடல் எழுதும் வழியைத் திறந்தன. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்டதால், பொதுத் தரம் ஒன்றை வகுக்கும் முயற்சி 1997இல் மின்னஞ்சல் உரையாடலாகவே நடந்தது. அதன் பயனே திஸ்கி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இவ்வட்டத்தினின்று எழுந்ததே. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என வேறிரு தரங்களை அறிவித்த வரலாறு ஈண்டு விரிக்கற்பாலது அன்று.

சுமையைக் கணிப்பது எங்ஙனம்? குழுவின் மடல்கள் பெரும்பாலும் எம்பாக்ஸ் எனப்படும் ஒற்றைக் கோப்பில் அடுக்கி வைக்கப்படும். ஒவ்வொரு மடலும் 'ஃபிரம்' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் முன்னிற்கும் வரியோடு தொடங்கும். அவ்வரியைக் கண்டு மடல்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் பைட்டுகளை எண்ணி, அந்நாளைய உறுப்பினர் தொகையாற் பெருக்கி, திங்கள்தோறும் கூட்டித் தரும் நிரலைப் பெர்ல் மொழியிலோ ஆக் மொழியிலோ பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவிடலாம். மடலின் உள்ளேயே ஒரு வரி அச்சொல்லால் தொடங்கின், கவனமற்ற நிரல் ஒரு மடலை இரண்டாக எண்ணிவிடும். ஏட்டுப்பிரதிகளில் அடியெல்லை காணும் இடர்ப்பாட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

பெருக்கும் எண்ணிலும் ஒரு நுட்பம் உண்டு. 1982இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. நெறி, ஒரே கணினியில் அஞ்சற்பெட்டி வைத்திருக்கும் பலர்க்கு ஒரே படியை அனுப்பிப் பெயர்களை மட்டும் அடுக்கிக் கூற இடந்தருகின்றது. அவ்வாறு அனுப்பிய குழுவிற் பெருக்கற்பாலது ஆட்களின் தொகையன்று. பெறும் கணினிகளின் தொகை. திரும்பி வரும் மடல்களை அடையாளங் காண்பதற்காக ஆளுக்கொரு தனி உறை இடும் குழுவிலோ இச்சிக்கனம் இல்லை. இவ்வேறுபாட்டை நோக்காத மதிப்பீடு பன்மடங்கு பிழைபடும்.

இனி எழுத்தின் எடை. 'சோளிங்கர்' என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கண முறைப்படி அதில் ஐந்து எழுத்துகள். உரோமனில் ஒலிபெயர்த்தால் ஒன்பது பைட்டு. திஸ்கியில் ஒற்றைக்கொம்பின் வழிவந்த இரட்டைக்கொம்பு, சகரம், கால் என 'சோ' மூன்று, 'ளி' இரண்டு, புள்ளியெழுத்துகளுக்குத் தனிக்குறி உண்டாதலின் ஏனைய மூன்றும் ஒவ்வொன்று, ஆக எட்டு. ஒருங்குறியில் அச்சொல் ஒன்பது குறிகள். யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு ஆதலின் 27. ஓகாரக் குறியை இரண்டாகப் பிரித்து எழுதும் மென்பொருளில் அதுவே 30 ஆகும். கண்ணுக்கோ வேறுபாடே தெரியாது. 2010இல் தமிழக அரசு ஏற்ற டேஸ்-16 முறையில் எழுத்துக்கு இரண்டு பைட்டாகப் பத்து.

இவ்வளவில் முடிந்ததா எனின், இல்லை. தொடக்ககால அஞ்சல் நெறி ஏழு பிட்டுக் குறிகளையே ஏற்றது. அதற்கு மேற்பட்டவற்றை மாற்றி அனுப்பும் வழிகளை 1992இல் வந்த மைம் நெறி வகுத்தது. பேஸ்64 மாற்றத்தில் 27 பைட்டு 36 ஆகும். ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியும் ஈரெண்ணுமாக எழுதும் மற்றொரு மாற்றத்திலோ 81 ஆகும். ஐந்தெழுத்துச் சொல் எண்பத்தொன்றாய் வீங்குகின்றது! திஸ்கியில் இதே மாற்றம் 24 மட்டுமே.

இவ்வேறுபாடு வெறும் கணக்கன்று. நாளொன்றுக்கு 40 மடல், மடலுக்குத் திஸ்கியில் 3,000 பைட்டு என எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓர் உறுப்பினர் பெறுவது 1,20,000 பைட்டு. நொடிக்கு 9,600 பிட்டு செல்லும் தொலைபேசி இணைப்பில், பைட்டுக்குப் பத்துப் பிட்டாக, இது 125 நொடி. மேற்கண்ட சொல்லின் விகிதமே மடல் முழுவதற்கும் பொருந்துவதாயின், யூடிஎஃப்-8இல் ஏறத்தாழ ஏழு மணித்துளி. 81 பைட்டு முறையில் இருபத்தொரு மணித்துளி. மடலின் தலைப்புப் பகுதி உரோமனிலேயே இருப்பதால் உண்மை விகிதம் சிறிது குறையும். ஆயினும், 1995 ஆகஸ்டு 15 முதல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இணைய இணைப்பை மணிக்கணக்கில் விற்ற நாட்டில், தமிழெழுத்தில் மடல் பெறுவதா வேண்டாவா என்பதை இத்தகைய மணித்துளிகளும் முடிவு செய்திருக்கும். திஸ்கி வகுத்தோர் எட்டுப் பிட்டுக்குள் தமிழை அடக்க முயன்றதைக் குறுகிய நோக்கு என்று பிற்காலத்தார் கூறுவது பொருந்தாது என்பது என் கருத்து.

தமிழே கனமான மொழி என்பாரும் உளர். யூடிஎஃப்-8இல் தமிழ்க்குறி ஒவ்வொன்றின் முதற்பைட்டும் ஒன்றே. இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்று. மூன்றாவதே எழுத்தைப் பெரிதும் வேறுபடுத்துகின்றது. ஆகவே எடையின் மூன்றில் இரு பங்கு முகவரியின் எடை, மொழியின் எடையன்று. சுருக்கி அனுப்பும் மென்பொருளில் இப்பங்கு பெரும்பாலும் கரைந்துவிடுவதே இதற்குச் சான்று.

இக்கணக்கைப் பழைய குழுக்களுக்குப் பொருத்த முயலும் ஆய்வாளர்க்குத் தடையாவது சான்றின் குறைவே. ராயர் காப்பி கிளப், மரத்தடி முதலிய குழுக்களுக்கு இடந்தந்த யாகூ குழுமம் 2019இல் பழைய மடல்களை நீக்க முற்பட்டு, 2020 டிசம்பரில் முற்றும் மூடப்பட்டது. தனியார் கணினிகளில் தங்கிய படிகள் கிடைப்பினும், அவற்றில் மடல் உண்டு. உறுப்பினர் பட்டியல் இராது. பெருக்கப்படும் எண் கிடைத்துப் பெருக்கும் எண் கிடையாத நிலை இது. அந்நிலையில், ஒரு திங்களில் எழுதியோர் தொகையைக் கீழெல்லையாகக் கொள்வதே தக்கது. எழுதாது படித்தோர் அக்கணக்கில் வாரார்.