உத்திரத்தை உயர்த்தலாமா? கரிசல் வீட்டுக் கூரையின் கதை



நம்மில் பலருக்கு ஊரில் ஒரு பழைய ஓட்டு வீடு இன்னும் நிற்கிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம், கழுகுமலை என்று ஊர்ப் பெயர்தான் மாறும். அதைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உத்திரம் தலையில் இடிக்கிற மாதிரி இருக்கிறது. அதைக் கழற்றி மேலே ஏற்றிப் போட்டால் ஃபேன், ஏ.சி., ஃபால்ஸ் சீலிங் எல்லாம் வசதியாக அமையுமே?" பதில் சொல்வதற்கு முன், அந்த உத்திரம் அங்கே வந்து சேர்ந்த கதையைப் பார்த்துவிடலாம்.

வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ அடமானப் பத்திரங்களைப் புரட்டியிருக்கிறேன். வீட்டு விவரத்தில் "கூரை வீடு", "ஓட்டுக் கட்டிடம்", "மச்சுக் கட்டிடம்" என்று தலைக்கு மேல் இருப்பதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். வீட்டின் மதிப்பையும் வீட்டுக்காரரின் நிலையையும் அந்த ஒரு வார்த்தை சொல்லிவிடும்.

கரிசல் காட்டில் ஆற்றுப் பாசனம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய கம்பு, சோளம், பருத்தி, மிளகாய் வெள்ளாமைதான். வீடும் அந்த மண்ணில் கிடைத்ததைக் கொண்டே எழுந்தது. மண் சுவர், வைரம் பாய்ந்த பனையைப் பிளந்த கைமரம், மேலே பனையோலை அல்லது சோளத்தட்டை. ஓலைக் கூரைக்குக் கனம் குறைவு. ஆனால் ஒரு தீப்பொறி பட்டால் போதும், வீட்டோடு ஒரு வருட வெள்ளாமையும் போய்விடும். அதனால் கையில் நாலு காசு சேர்ந்ததும் மக்கள் ஓட்டுக்கு மாறினார்கள். முதலில் குயவர் சுட்ட நாட்டு ஓடு. அதை அடுக்கடுக்காக வேய வேண்டும், கனமும் அதிகம். பிறகு வந்தது சீமை ஓடு.

1865இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் இயந்திர ஓட்டு ஆலையைத் தொடங்கினார். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்த ஓடு, ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து, பதினாறு இருந்தால் போதும். 1876இல் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை கோவில்பட்டி வழியாக வந்தது. வெளியூர் மரமும் ஓடும் கரிசலுக்கு வந்து சேர அது வழி திறந்தது.

சரி, உத்திரத்துக்கு என்ன வேலை? நம் குடியிருப்பில் பெயிண்டர் கொண்டு வரும் ஏ வடிவ ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களும் விரிந்துவிடாமல் இருக்கக் கீழ்ப்பக்கம் ஒரு கயிறு கட்டியிருப்பார். ஓட்டுக் கூரையின் கைமரங்கள்தான் அந்த ஏணிக் கால்கள். ஓட்டின் பாரம் அவற்றை வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும், அதாவது சுவரின் தலையை வெளியே தள்ளும். இரு சுவர்களுக்கும் குறுக்கே கிடக்கும் உத்திரம்தான் கயிறு. பல வீடுகளில் அதன் நடுவே ஒரு குத்துக்கால் நின்று முகட்டு வளையையும் தாங்கும். அதன் மேல் பலகை போட்டுப் பரணாக்கி, விதையும் மிளகாய் மூட்டையும் ஏற்றி வைத்தது கூடுதல் லாபம்.

ஏணியின் கயிற்றை உச்சிக்குப் பக்கத்தில் கட்டினால் என்ன ஆகும்? உத்திரத்தை உயர்த்தினாலும் அதேதான். வணிகவியல் படித்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஐந்து மீட்டர் அகல அறை, முப்பது பாகைச் சரிவு, ஓடும் மரமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முகட்டுக்குத் தனியாகத் தாங்கல் இல்லை என்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 150 கிலோ இழுவையை உத்திரம் தாங்குகிறது. கூரை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அதை ஏற்றினால் இழுவை ஒன்றரை மடங்கு. பாதிக்கு ஏற்றினால் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே உள்ள கைமரம் வளையவும் தொடங்கும். அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகளும் இத்தகைய குறுக்கு மரத்தைக் கூரை உயரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்கத்தான் சொல்கின்றன.

கரிசலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மழையில் இந்த மண் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமாக இல்லாத சுவர் வருடா வருடம் அசையும். அந்தச் சுவர்களைக் கைகோத்து நிறுத்துவதும் உத்திரம்தான். கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரில் எங்கள் உறவினர் வீட்டில் இரண்டு உத்திரங்களை அறுத்து மேலே ஏற்றினார்கள். அறை பார்க்க விசாலமாக இருந்தது. அடுத்த ஐப்பசி மழை முடிந்தபோது சுவரின் தலை வெளியே சாய்ந்து, மூலையில் விரல் நுழையும் வெடிப்பு. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குறுக்கு உத்திரம் இல்லாத பெரிய கூரைகள் உலகில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு 1390களில் ஹியூ ஹெர்லண்ட் என்ற தச்சர் அப்படி ஒன்றை அமைத்தார். அகலம் சுமார் 68 அடி. ஆனால் அதன் தள்ளலை ஏற்கத் தடித்த சுவரும் வெளியே முட்டுச் சுவர்களும் தேவைப்பட்டன. 1914 முதல் 1923 வரை அந்தக் கூரைக்குள் எஃகுச் சட்டங்களும் பொருத்தினார்கள். அரசர் மண்டபத்துக்கே அந்த நிலை. நம் பாட்டன் கட்டிய மண் சுவர் எம்மாத்திரம்?

1949இல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தென் மாவட்டங்களுக்குச் சிமெண்ட் பக்கத்திலேயே கிடைத்தது. கான்கிரீட் தளம் பரவப் பரவ உத்திரம் மறைந்தது. காரணம், தட்டையான தளம் சுவரை வெளியே தள்ளுவதில்லை. சுவர்களை இணைத்துப் பிடிக்கும் வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. நம் வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாததற்கு அதுதான் காரணம். அந்தப் பழக்கத்தில்தான் ஊர் வீட்டு உத்திரம் நமக்கு வேண்டாத கட்டையாகத் தோன்றுகிறது.

ஆகவே ஊரில் வேலை தொடங்கும் முன் சில யோசனைகள். உத்திரத்தை அப்படியே விட்டு, இடையிடையே சீலிங் அமைக்கலாம். மெருகேற்றிய பழைய மரம் அழகுதான். உயரம் கட்டாயம் வேண்டும் என்றால், ஓட்டைப் பிரித்துச் சுவரை உயர்த்தி உத்திரத்தை மறுபடி சுவர் மேலேயே போடுங்கள். இல்லையேல் சுவர்த் தலை மட்டத்தில் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டலாம். பழைய கொட்டகைகளில் இப்படிப் பார்த்திருப்பீர்கள். எதைச் செய்தாலும் ஒரு கட்டடப் பொறியாளரை நேரில் வரச்சொல்லிக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். முட்டுக் கொடுக்காமல் ஒரு உத்திரத்தையும் அறுக்க விடாதீர்கள்.

ஊர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களும் வயதான பெரியவர்களும் அந்தக் கூரைக்குக் கீழேதான் தூங்குகிறார்கள். பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தைத் தண்டச் செலவு என்று நினைக்க வேண்டாம்.