கழலவும் வேண்டும், கழலவும் கூடாது: ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கில் பிணைப்புகளின் வளர்ச்சி

காலணியைப் பலகையோடு பூட்டும் பிணைப்பின் வரலாறு பெரும்பாலும் கால் முறிவிலிருந்து தப்பித்த கதையாகவே எழுதப்படுகிறது. ஃப்ரீஸ்டைல் வீரர்களைப் பொறுத்தவரை அது பாதிக் கதைதான். அந்தரத்தில் சுழன்றுகொண்டிருக்கும் ஒருவருக்கு, விழும்போது கழலாத பலகையைப் போலவே விழாதபோது கழன்றுவிடும் பலகையும் ஆபத்தானது. இந்த இரண்டாவது ஆபத்துக்கு விடை கிடைத்தது பிணைப்பின் சுருள்வில்லை மேலும் இறுக்கியதால் அல்ல, பூட்டுக்குள் அசைய இடம் கொடுத்ததால் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1929-இல் சுவிட்சர்லாந்தின் கீடோ ரோய்கெ உருவாக்கிய காந்தஹார் கம்பிப் பிணைப்பு குதிகாலைப் பலகையோடு இழுத்துப் பிடித்தது. சரிவில் வேகம் கூடியது, சிக்கிய கால்களும் முறிந்தன. நார்வேயிலிருந்து அமெரிக்காவின் ஆரிகனில் குடியேறிய யால்மர் வாம் 1937-இல் கால் முறிந்து படுத்திருந்தபோதுதான், காலணியின் முனையைப் பிடிக்கும், தானே கழலும் முன்பூட்டை யோசித்தார். பிரான்சின் நெவேர் நகரில் லுக் நிறுவனத்தின் ழான் பெய்ல் 1950-இல் 'நெவாடா' முன்பூட்டைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியின் ஹான்னஸ் மார்க்கரும் களத்தில் இறங்கினார்.

இனி இரண்டாவது பாதி. 'ஹாட்டாக்' என்று கேலியும் பெருமையுமாக அழைக்கப்பட்ட ஃப்ரீஸ்டைல் ஆட்டக்காரர்களுக்கு 1971-இல் நியூ ஹாம்ப்ஷயரின் வாட்டர்வில் வேலியில் தொழில்முறைப் போட்டி நடந்தது. அவர்கள் மாட்டியிருந்த பிணைப்புகளோ பந்தயத்துக்கும் பொது உபயோகத்துக்கும் செய்தவை. அடுத்தடுத்த பனிமேடுகளில் மோதும் பலகை ஒவ்வொரு முறையும் வளைகிறது. வளையும்போது முன்பூட்டுக்கும் குதிகால் பூட்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறுகிறது. இந்த மாற்றத்தை விழுங்கிக்கொள்ள முடியாத பூட்டு, காரணமே இல்லாமல் காலணியைத் துப்பிவிடும். அன்று கழன்ற பலகை ஓடிவிடாமலிருக்கக் கணுக்காலில் வார் கட்டுவார்கள். தொங்கும் பலகை சுழன்று வந்து ஆளையே தாக்கும். வாரின் இடத்தில் பலகைத் தடை பரவலானது 1970-களின் பிற்பகுதியில்தான்.

இந்த இடத்தில் லுக்கின் சுழல்மேடைக் குதிகால் பூட்டைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். 1960-களில் உருவான அமைப்பு இது. குதிகால் பூட்டு ஒரு வட்டத் தட்டின் மேல் அமர்ந்திருக்கிறது. தட்டின் அச்சு கெண்டைக்கால் எலும்புக்கு நேர் கீழே விழுகிறது. காலணியின் முனை பக்கவாட்டில் தள்ளப்பட்டால் குதிகால் பூட்டும் கூடவே திரும்புகிறது. அதனால் குதிகால் உராய்ந்து சிக்குவதில்லை. குதிகால் மேலெழும்பும்போதும் பூட்டு உடனே திறந்துவிடாது. நிறுவனம் சொல்லும் கணக்குப்படி 28 மி.மீ. வரை கூடவே எழுந்து, அழுத்தம் விலகியதும் காலணியைப் பழைய இடத்துக்கே இழுத்துவருகிறது. ஓட்டல்களில் தள்ளினால் விலகித் தானே திரும்பும் அரைக்கதவின் வேலைதான் இது. திருகுகள் நெருக்கமாக இருப்பதால் பலகையும் காலுக்கடியில் தாராளமாக வளைகிறது. பந்தயக்காரர்களுக்காகப் பிறந்த இந்தப் பழைய வடிவம் இன்றும் ஹாஃப்-பைப் எனும் அரைக்குழாய் வடிவப் பனித்தளத்தில் தாக்குப்பிடிப்பதற்கு அழகுணர்ச்சியோ பழம்பெருமையோ காரணமல்ல.

1998-இல் சாலமன் வெளியிட்ட 'டென்எய்ட்டி' பலகை சுமையின் திசையையே மாற்றியது. இரு முனைகளும் வளைந்த அந்தப் பலகையால் மைக் டக்ளஸும் அவருடைய கனடியத் தோழர்களும் பின்னோக்கி இறங்கினார்கள். பிணைப்பு பலகையின் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்தது. பலகைகள் அகலமாக ஆக, விளிம்பில் விழும் சுமை திருகுகளைப் பிடுங்கப் பார்த்தது. 2007-08 பனிக்காலத்தில் வந்த மார்க்கரின் 'ஜெஸ்டர்' திருகுத் துளைகளை அகலமாகப் பரப்பியது. அது எவ்வளவு விசையில் கழலும் என்பதைக் குறிக்கும் அளவுகோல் 6 முதல் 16 வரை. பிறகு டிரோலியாவின் 'அட்டாக்' முதலியவையும் இதே வழியில் வந்தன.

அந்த அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 10 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை என்று வைத்துக்கொள்ளலாம். எடை, உயரம், வயது, காலணி அடியின் நீளம், ஓட்டும் பாணி ஆகியவற்றைக் கொண்டு எண்ணைத் தீர்மானிக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 11088 வகுத்திருக்கிறது. தாவுமேடைகள் அமைந்த பனிப்பூங்காக்களில் சறுக்குவோரிடம் அதைவிட ஏற்றி வைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் பலகை தேவையின்றிக் கழலும் பல நேரங்களில் குற்றம் சுருள்வில்லின் மீது இல்லை. தார்ச்சாலையில் நடந்து தேய்ந்த அடிப்பகுதி, காலணிக்கடியில் இறுகிய பனி, சரியாக வைக்கப்படாத முன்னழுத்தம் (குதிகால் பூட்டு காலணியை முன்னோக்கித் தள்ளும் விசை) என்று இவற்றில் ஏதாவது ஒன்றே காரணமாக இருக்கும். அவற்றைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஏற்றுகிறவர், கால் முறிவை விலை கொடுத்து வாங்குகிறார்.

முழங்காலோ இந்த முன்னேற்றங்களுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. வெர்மாண்டின் சுகர்புஷ்ஷில் 1972 முதல் ஜான்சன், எட்லிங்கர், ஷீலி ஆகியோர் நடத்திய நீண்ட ஆய்வில் கெண்டைக்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. முழங்காலின் முன்குறுக்குத் தசைநார்க் கிழிவுகள் அப்படிக் குறையவில்லை. குதித்து இறங்குபவர் பின்னால் சாய்ந்துவிட்டால் காலணியின் பின்சுவர் கெண்டைக்கால் எலும்பை முன்னோக்கித் தள்ளும். அப்போது குதிகால் மேலே எழுவதில்லை, கீழே அழுந்துகிறது. குதிகால் பூட்டுக்குத் திறக்கக் காரணமே கிடைப்பதில்லை. மேலே இழுபடுவது காலணியின் முனைதான். மேல்நோக்கியும் விடுவிக்கும் முன்பூட்டுகள் இதற்காகவே வந்தன. ஆனால் அவை எளிதில் திறந்தால், பின்சாய்ந்து தடுமாறி மறுபடி நிமிர்ந்துவிடக்கூடிய வீரரும் நடுச்சரிவில் பலகையை இழப்பார். எனவே அவை திறக்கும் விசையையும் உயர்த்தியே வைக்க வேண்டியிருக்கிறது.