சோறும் சாதமும்

இல்லத்திற்கு வந்த விருந்தினரைச் 'சோறு உண்ண வருக' என்றழைத்தல் தமிழ்நாட்டிற் பலராலும் மரியாதைக் குறைவாக எண்ணப்படுகின்றது. 'சாதம்' நாகரிகச் சொல்லாம். 'சோறு' வறியோர் வாய்ச்சொல்லாம். திருக்கோயிலிற் பெற்றதனைச் சோறு என்று ஒருவர் சொல்லிவிடின், அபசாரம் நேர்ந்ததாக முகஞ்சுளிப்பாரும் உளர். இவ்வுயர்வு தாழ்வு அச்சொற்களின் இயற்கையில் அமைந்ததோ, இடையில் வந்தேறியதோ என்பது ஆராயற்பாலது.

சோறு என்பது சங்கநூல்களிற் பயின்ற பழந்தமிழ்ச் சொல். அஃது அட்ட அரிசிக்கு மட்டும் உரியதன்று. கற்றாழை மடலினுள்ளிருக்கும் வெண்சதையை மருத்துவர் இன்றும் கற்றாழைச்சோறு என்பர். பனை முதலியவற்றின் உள்ளீட்டிற்கும் அப்பெயர் உண்டு. புறத்தோல் நீங்கிய மென்மையான உள்ளீடு என்பதே இச்சொல்லின் அடிக்கருத்துப் போலும். உமி நீங்கி வெந்து மென்மையுற்ற அரிசிக்கு இதனினும் பொருத்தமான பெயர் யாது? போர்மேற் செல்லும் வேந்தன் படைஞர்க்கு விருந்தளித்தலைப் பெருஞ்சோற்று நிலை என வஞ்சித்துறைகளுள் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். சேரருள் ஒருவன் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் எனப் புகழப்பெற்றான். இழிவுடைய சொல்லாயின், முடிவேந்தன் பெயர்க்கு அஃது அடையாதல் எங்ஙனம்?

வேந்தரைவிட்டு இறைவன் திருமுன்பு செல்வோம். திருவையாற்றைச் சூழ்ந்த ஏழூர்த் தலங்களுள் ஒன்று திருச்சோற்றுத்துறை. மூவர் பாடலும் பெற்றது. நந்தியெம்பெருமான் திருமணத்திற்கு வேண்டிய உணவு இவ்வூரினின்றே வந்தது என்பது ஏழூர் விழாவையொட்டிய வரலாறு. இறைவன் தொலையாச்செல்வர், வடமொழியில் ஓதனவனேசுவரர். 'ஓதனம்' என்பதும் சோறே. (அச்சொல் தமிழர் நாவிற் 'புளியோதரை' என்பதன்கண் ஒளிந்து வாழ்கின்றது.) வடமொழிப் பெயர் அமைந்த பின்னரும் ஊர்ப்பெயரினின்று சோறு நீங்கிற்றில்லை. நீக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை.

இன்னும் அரியது ஒன்றுண்டு. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிற் பசியால் இளைத்த திருநாவுக்கரசர் பொருட்டு இறைவன் அந்தணர் வடிவிற் கொண்டுவந்து காத்திருந்ததனைச் சேக்கிழார் பொதிசோறு என்கின்றார். திருக்கச்சூரிற் சுந்தரர்க்காக நண்பகலில் வீடுதோறும் சென்று பெருமான் இரந்து பெற்றதும் அவர் வாக்கிற் சோறே. அடியார் உண்பதை 'அமுது செய்தல்' என்று பன்முறை பாடிய சேக்கிழார்க்கு வேறு சொல் கிடையாமற் போகவில்லை. பெருமான் தன் கையாற் கொணர்ந்ததனைக் குறிக்க எளிய சொல்லே அவர்க்கு இயைந்தது. திருவாசகத்துத் திருத்தோணோக்கத்திற் சண்டேசுரர் செயலைப் பாடும் இடத்தில் வரும் இச்சொல்லுக்கு உரைகாரர் முத்தி என்றே பொருள் கொண்டனர். வீட்டின்பத்தையே சுட்ட வல்ல ஒரு சொல்லை விருந்தினர்முன் கூசி மறைப்பது விந்தையே.

அங்ஙனமாயின் 'அமுது' என்பது எற்றுக்கு? அது பொருளின் பெயரன்று. உண்பார்மேல் வைத்த வணக்கத்தின் பெயர். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் திருவமுது, நெய்யமுது, கறியமுது, பருப்பமுது, தயிரமுது என நிவேதனப் பொருள்கள் நிரலே வருகின்றன. பாக்குக்கூட அடைக்காயமுது எனப்பட்டது. கடைவீதியிற் கிடக்குங்கால் வெறும் பாக்கு. இறைவற்கென அளந்தவழி அமுது. வைணவர் இல்லங்களிற் கறியமுது, சாற்றமுது, திருக்கண்ணமுது என இவ்வழக்கு இன்றும் நிலவுகின்றது. சைவர் இல்லங்களில் இவ்வழக்கு அருகியது வருந்தத்தக்கது. கோயிற் பணியாளர்க்கு அளிக்கப்பெற்ற சோற்றுக்கட்டியோ பட்டைச்சோறு எனப் பெயர் பெற்றது. ஆண்டவற்கு அமுது, அடியவர்க்குச் சோறு என்ற முறையில் இரண்டும் ஒரே மடைப்பள்ளியினின்று வந்தன, ஒன்றையொன்று இழிவுபடுத்தவில்லை.

இனிச் சாதம். தாமரையை 'மரை' என்றாற்போலப் பிரசாதம் என்னும் வடசொல் முதற்குறைந்து சாதம் ஆயிற்று என்பது அறிஞர் பலர் கொள்கை. பிரசாதமாவது தெளிவு, அருள். திருநீறும் பிரசாதம், பூவும் பிரசாதம், நிவேதித்த அன்னமும் பிரசாதம். அருளைக் குறித்த சொல் முதலில் அருளாற் கிடைத்த அன்னத்தளவிற் சுருங்கிற்று. பின்னர் நிவேதியாத அன்னத்தையும் தழுவிற்று. உணவுக்கடையில் விலைக்கு விற்பதும் இன்று சாதமே. சோற்றை உயர்த்தக் கருதியவர் பிரசாதத்தைத் தாழ்த்தினர். நிவேதித்ததற்கும் நிவேதியாததற்கும் இருந்த எல்லைக்கோடு சொல்லளவில் அழிந்தமையாலன்றோ, 'கோயிற் பிரசாதம்' என்று அடைகொடுத்து வழங்கவேண்டியதாயிற்று?

இத்தகைய வீழ்ச்சி பிற சொற்கும் உண்டு. பலகாரம் என்பது பலாகாரம், அஃதாவது பழவுணவு. நோன்பு நாளிற் சோறு விலக்கிக் கனி உண்டமையைக் குறித்தது. பின்பு சோறல்லாத மாப்பண்டங்களுக்கு ஆகி, முடிவில் எண்ணெய்ச் சட்டியில் வீழ்ந்தது. எனினும் விரதமுடையார் 'இன்றிரவு பலகாரம்' எனுங்கால் பழம்பொருளின் நிழல் தோன்றும். சாப்பாடு என்பதோ தேவாரத்தும் சங்கநூலினும் காணப்படாத பிற்கால வழக்கு. 'சப்பு' என்னும் வினையோடு இயைபுடையது என்பர்.

தமிழ்நாட்டிற் கூசி ஒதுக்கப்படும் சோறு யாழ்ப்பாணத்தார் நாவில் இழிவின்றி வழங்குகின்றது. மலையாள நாட்டிலும் அவ்வாறே. ஆண்டு உணவிற்கு ஊண் என்ற பழம்பெயரும் வாழ்கின்றது. குழந்தைக்கு முதன்முதல் அன்னமூட்டும் சடங்கிற்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் சோறூண். அதனைக் குருவாயூர் முதலிய கோயில்களிற் கடவுள் திருமுன்பே செய்கின்றனர்.