வால்காவிலிருந்து கங்கை வரை

வால்காவிலிருந்து கங்கை வரை என்பது ராகுல சாங்கிருத்தியாயன் இந்தியில் எழுதிய 'வோல்கா ஸே கங்கா' என்னும் புனைகதை நூலின் தமிழ்ப் பெயர். 1942இல் ஹசாரிபாக் மத்தியச் சிறையில் எழுதி முடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வெளிவந்தது. கி.மு. 6000இல் தொடங்கி 1942இல் முடியும் 20 கதைகள் கொண்டது. கதைகள் ஒவ்வொன்றும் தனித்து நிற்பவை. ஆயினும் ஒரே மக்கள் வழி தலைமுறை தலைமுறையாக நகர்வதால் பலரும் இதை நாவலாகவே படிக்கின்றனர். முதல் ஐந்து கதைகள் வேட்டையாடிகளும் ஆநிரை மேய்ப்போரும் பனியிலும் புல்வெளியிலும் பிழைத்த வாழ்வைச் சொல்கின்றன. தொல்பழங்காலத்தைக் களமாகக் கொண்ட இந்தியப் புனைவுகளில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டவற்றுள் இக்கதைகளும் அடங்கும்.

ஆசிரியர்

ராகுல சாங்கிருத்தியாயன் 1893 ஏப்ரல் 9 அன்று இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்துப் பந்தஹா சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் கேதார்நாத் பாண்டே. வைணவத் துறவி, ஆரிய சமாஜி, பௌத்த பிக்கு, பொதுவுடைமையாளர் என வாழ்நாளில் பல வேடம் பூண்டவர். இளமையில் தெற்கே வந்தபோது சென்னைக்கு அருகே திருமழிசை மடத்தில் தங்கியவர். இலங்கையில் களனி வித்தியாலங்கார பிரிவேனாவில் ஆசிரியராக இருந்தார். அங்கேயே 1930இல் பிக்குவாகத் துறவேற்றார். திபெத்துக்கு நான்கு முறை சென்று, இந்தியாவில் அழிந்துபோன சமஸ்கிருத பௌத்தச் சுவடிகளைத் தேடிக் கண்டார். சோவியத் ஒன்றியத்தில் லெனின்கிராடில் பணியாற்றினார். 'மத்திய ஆசியாவின் வரலாறு' என்ற நூலுக்காக 1958இல் சாகித்திய அகாதெமி விருதும், 1963இல் பத்மபூஷணும் பெற்றார். அதே 1963இல் டார்ஜிலிங்கில் காலமானார்.

குளிர்ந்த பீடபூமிகளையும் கழுதை, கோவேறு கழுதைச் சாத்துகளையும் கண்ணால் கண்டவர் என்பது கதைகளின் நில வருணனையில் தெரிகிறது. பனி படிந்த பிர்ச் மரக்காடு, புல் முளைக்கும் பருவத்தில் மந்தையை ஓட்டிச் செல்லும் மேட்டுநிலம், தோலாடை, குதிரைப் பால் ஆகியவை புத்தகத்தில் படித்து மட்டும் எழுதியவையாகப் படுவதில்லை.

எழுந்த சூழல்

இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் கைதான ராகுல்ஜி சிறையிலேயே பல நூல்களை எழுதினார். பொதுமக்களுக்கு வரலாற்றைக் கதையாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு கதைக்கும் பின்னால் மொழிநூல், கல்லிலும் செம்பிலும் இரும்பிலும் கிடைத்த சான்றுகள், நாட்டார் பாடல், சடங்கு, மந்திர மாயம் எனப் பெருந்தொகையான ஆதாரம் இருப்பதாக முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார்.

கதைகளின் எலும்புக்கூடு மார்கனிடமிருந்தும் எங்கெல்சிடமிருந்தும் வந்தது. லூயிஸ் ஹென்றி மார்கனின் 'பண்டைய சமுதாயம்' 1877இலும், பிரெடெரிக் எங்கெல்சின் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' 1884இலும் வந்தவை. வேட்டை, மேய்ச்சல், உழவு என்ற வரிசையும், தாய்வழித் தலைமை தந்தைவழித் தலைமையாக மாறுவதும், பொதுச்சொத்து தனிச்சொத்தாவதும் இந்நூல்களின் படிநிலைகள். ராகுல்ஜி இவற்றுக்கு முகமும் பெயரும் கொடுத்தார்.

மேய்ச்சல் குடிகளின் கதைகள்

முதல் கதையான 'நிஷா' கி.மு. 6000இல், வோல்கா ஆற்றின் மேல்பகுதிக் கரையில் நடக்கிறது. குடும்பத்துக்குத் தலைவி தாய். பனிக்காலத்தில் உணவு தேடிப் புறப்படுவோர், குகையில் உறங்கும் கரடிகளைக் கொல்கின்றனர். இறைச்சியோடு திரும்புகையில் ஓநாய்க் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. பின்னர் நிஷா தலைவியாகிறாள். வளர்ந்துவரும் மகள் லேகா தன் இடத்தைப் பறிப்பாள் என்ற அச்சம் அவளைப் பிடிக்கிறது. அதனால் ஆற்றில் மூளும் போராட்டத்தில் தாய், மகள் இருவருமே வெள்ளத்தோடு போகின்றனர். தாய்வழிச் சமூகத்தைப் பொற்காலமாக ஆசிரியர் வரையவில்லை என்பதற்கு இக்காட்சியே சான்று: உணவு குறைந்த இடத்தில் தலைமை என்பதே உயிர்ப் போட்டியாகிறது.

கி.மு. 3500இல் நடக்கும் 'திவா'வில் அதே குடும்பம் பெருகி 'நிஷா ஜனம்' ஆகியிருக்கிறது. குடிக்குச் சமிதி உண்டு. முடிவுகள் அங்கே எடுக்கப்படுகின்றன. வேட்டைக்காடு போதாமல் போக, பக்கத்து உஷா ஜனத்தோடு போர் மூள்கிறது. தோற்ற குடி அழிகிறது.

'அமிர்தாசுவன்' கதையில் காலம் கி.மு. 3000, களம் பாமீர். இங்கே முழுமையான மேய்ச்சல் வாழ்வு வந்துவிடுகிறது. ஆடும் மாடும் குதிரையும் செல்வமாகின்றன. மந்தை பெருகப் பெருக ஆணின் கை ஓங்குகிறது. குடித்தலைவன் 'மகாபிதர்' எனப்படுகிறான். 'புருகூதன்' (கி.மு. 2500) வட்சு ஆற்றுப் பள்ளத்தாக்கில், அதாவது ஆமு தாரியா பாயும் இன்றைய தஜிகிஸ்தான் பகுதியில் நடக்கிறது. செம்பு உள்ளே வருகிறது. செம்பு வைத்திருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே பிளவு விழுகிறது. 'புருதானன்' (கி.மு. 2000) சுவாத் பள்ளத்தாக்கில் மேய்ப்பர்களை நகரவாசிகளான அசுரர்களோடு மோதவிடுகிறது. தேவாசுர யுத்தம் என்று புராணம் சொல்வதை மேய்ச்சல் குடிக்கும் நகரக் குடிக்கும் நடந்த போராக ராகுல்ஜி மாற்றி எழுதுகிறார்.

கதை முடிவில் தலைமுறைக் கணக்கு ஒன்று வரும். 'நிஷா' 361 தலைமுறைக்கு முந்தைய கதை, 'திவா' 225 தலைமுறைக்கு முந்தையது என்று அது குறிக்கிறது. ஆண்டுக் கணக்கைவிட இது வாசகரை அருகே இழுக்கும் உத்தி: கதையில் வருபவர் பாட்டிக்குப் பாட்டியாகிவிடுகிறார்.

மந்திரமும் பூசகரும்

மேற்கில் தொல்பழங்காலப் புனைவு ஏற்கெனவே தனி வகையாக வளர்ந்திருந்தது. எச். ஜி. வெல்ஸ் 1897இல் கற்காலக் கதை எழுதினார், ஜே. எச். ரோஸ்னி என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நெருப்புத் தேடும் நாவல் 1911இல் நூலாக வந்தது. வில்லியம் கோல்டிங் நியாண்டர்தால் மாந்தரை வைத்து 1955இல் நாவல் எழுதினார். ஜீன் ஆவெல் 1980இல் தொடங்கிய நாவல் வரிசைக்குப் பிறகு இவ்வகையில் மந்திரப் பூசகருக்குத் தனி இடம் உறுதிப்பட்டது. ஆவிகளோடு பேசுபவர், மூலிகை அறிந்தவர், குடியின் நினைவைக் காப்பவர் என்று அவர் கதையின் அச்சாகிறார். மிஷெல் பேவரின் 2004ஆம் ஆண்டு இளையோர் நாவலிலும் அப்படியே.

ராகுல்ஜியிடம் இந்தப் பாத்திரம் மையத்துக்கு வருவதில்லை. தீ வணக்கம் உண்டு, சோம பானம் உண்டு, கூட்டுக் களியாட்டம் உண்டு. ஆனால் குடியைப் பிழைக்க வைப்பவை தாயின் தீர்மானமும் ஈட்டியும் மந்தையும்தான். தெய்வங்களையே அவர் மண்ணுக்கு இறக்குகிறார்: இந்திரன் என்பது இக்கதைகளில் மக்கள் தேர்ந்தெடுக்கும் போர்த்தலைவனின் பதவி. பூசகர் வலுப்பெறுவது அரசு உருவான பின்னரே. 'சுதாஸ்' கதையில் வசிட்டரும் விசுவாமித்திரரும் அரசனைப் புகழ்ந்து பரிசில் பெறுவோர். 'பிரவாகணன்' கதையில் பிரம்மமும் மறுபிறப்பும் எளியோரை அடக்கி வைக்க அரசன் கண்ட உபாயங்கள். வைதிக வட்டாரங்கள் நூலைக் கடிந்துகொள்ள இவ்விரு கதைகளுமே போதுமானவையாக இருந்தன.

நூலின் வலிமையும் குறையும் இந்த நிலைப்பாட்டிலேயே இருக்கின்றன. சடங்கைச் சுரண்டல் கருவியாக மட்டும் பார்க்கும் கண், நோயும் பஞ்சமும் சாவும் சூழ்ந்த மேய்ப்பனுக்குச் சடங்கு என்னவாக இருந்திருக்கும் என்று கேட்பதில்லை. வேலன் வெறியாட்டைச் சங்கப் பாடல்களில் கண்டவர்களும், ஊர்க் கொடையில் சாமியாடியிடம் குறி கேட்டவர்களும் அந்த இடைவெளியை எளிதில் உணர்வர்.

தமிழில்

தமிழாக்கம் கண. முத்தையாவுடையது. பர்மாவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தோடு பணியாற்றியவர் அவர். போர் முடிந்தபின் சிறைப்பட்டிருந்த காலத்தில் ராகுல்ஜியின் எழுத்தை மொழிபெயர்க்கத் தொடங்கினார். சிறையில் பிறந்த நூல் சிறையிலேயே தமிழுக்கு வந்தது. விடுதலைக்குப் பின் 1946இல் தமிழ்ப் புத்தகாலயம் என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினார். அதன் வழியே 'வால்காவிலிருந்து கங்கை வரை' 1949இல் வெளிவந்தது. விக்டர் கீர்னனின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1947இல் பம்பாயில் வந்திருந்தது.

அப்போது முதல் இந்நூல் தமிழில் பல பதிப்புகளைக் கண்டிருக்கிறது. பிற்காலத்தில் வேறு சிலரும் புதிதாக மொழிபெயர்த்தனர். இடதுசாரி வாசிப்பு வட்டங்களில் மார்க்சியத்துக்கு முதல் படியாக இது கைமாறியது. மேய்ச்சல் வாழ்வைத் தமிழ்ப் புனைவு தன் மண்ணிலிருந்து எழுதியது வேறு வழியில்: கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலும், ஊர் ஊராக ஆடு பத்திச் செல்வோரைப் பற்றிய சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவலும் அண்மைக் காலத்து மனிதரையே பேசுகின்றன.

பின்வந்த சான்றுகள்

1942க்குப் பின் வந்த ஆய்வுகள் கதைகளைச் சில இடங்களில் தாங்கிப் பிடிக்கின்றன, சில இடங்களில் கைவிடுகின்றன. கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளியிலிருந்து இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பரவின என்ற கருத்தை மரியா கிம்புட்டாஸ் 1956இல் முன்வைத்தார். 2019இல் வெளிவந்த தொன்மரபணு ஆய்வு, புல்வெளி மேய்ப்பரின் மரபுக்கூறு கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையே தெற்காசியாவை அடைந்ததாகக் காட்டியது. சிந்துவெளி நாகரிகத்து ஊரான ராக்கிகடியில் புதைக்கப்பட்ட பெண்ணின் மரபணு முடிவும் அதே ஆண்டு வெளியானது; அதில் அந்தக் கூறு இல்லை. இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூலம் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதி என்று 2021இல் மற்றொரு ஆய்வு கண்டது; நூலின் தலைப்பிலுள்ள ஆறு அதில் இடம்பெற்றது ராகுல்ஜியின் ஊகத்துக்கு வலு.

மறுபுறம், அக்குதிரைகள் பரவத் தொடங்கியது கி.மு. 2200ஐ ஒட்டித்தான். அமிர்தாசுவன் காலத்துக்கு அது எண்ணூறு ஆண்டு பிந்தியது. கி.மு. 6000இல் வோல்காக் கரையில் வாழ்ந்தவர்களை ஆரியர் என அழைக்கவும் ஆதாரமில்லை. எல்லாச் சமூகமும் தாய்வழித் தலைமையிலிருந்து தந்தைவழிக்குப் போயிற்று என்ற மார்கனின் ஒற்றைப் படிக்கட்டை மானிடவியலாளர் பெரும்பாலும் விட்டுவிட்டனர்.

தக்காணத்து மேய்ப்பர்

நூலின் எந்தக் கதைக்கும் தக்காணம் முதன்மைக் களமாவதில்லை. ஆனால் தொல்பழங்கால மேய்ப்பர் விட்டுச்சென்ற தடயம் இங்கே கண்ணுக்குத் தெரியும்படி குவிந்து கிடக்கிறது. வட கர்நாடகத்திலும் அதையொட்டிய ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பல் மேடுகள் உள்ளன. எரிமலைக் கழிவு என்றும், பெருந்தகனம் நடந்த இடம் என்றும், உருக்கு உலை என்றும் 19ஆம் நூற்றாண்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்தவரும், 1894இல் பெங்களூரில் மைசூர் அரசின் நிலவியல் துறையைத் தொடங்கி வைத்தவருமான ராபர்ட் புரூஸ் ஃபூட் இம்மேடுகளை ஆராய்ந்து, புதிய கற்கால மக்களோடு சேர்த்துப் பார்த்தார்.

ஐயத்தைத் தீர்த்தது 1957இல் எஃப். ஆர். ஆல்சின் உட்னூரில் நடத்திய அகழாய்வு. மரக்கம்பங்கள் நட்டு வளைத்த பட்டி, அதற்குள் அடுக்கடுக்காக எரிந்த சாணம், மண்ணில் பதிந்த மாட்டுக் குளம்பு ஆகியவை ஒருங்கே வெளிப்பட்டன. பட்டி எரிந்ததும் மறுபடி கட்டியிருக்கிறார்கள், மறுபடி எரிந்திருக்கிறது. ஆண்டுக்கொருமுறை சாணக் குவியலுக்குத் தீ வைப்பது சடங்காக இருந்திருக்கலாம் என்ற ஆல்சின், அதைப் பொங்கல் போன்ற விழாக்களோடு இணைத்துப் பார்த்தார். தென் கர்நாடகத்தில் சங்கராந்தி மாலையில் வைக்கோலைக் கொளுத்தி, அலங்கரித்த மாடுகளை அதன்மேல் தாண்டவிடும் வழக்கம் இன்றும் உண்டு. 'கிச்சு ஹாயிசுவது' என்பார்கள். பிறகு கே. பத்தய்யா புதிஹாலில் நடத்திய அகழாய்வு பட்டியோடு குடியிருப்பையும், இறைச்சி வெட்டிய தளத்தையும் காட்டியது.

பல்லாரிக்கு அருகே குப்கல் குன்றில் திமில் மாடுகளின் உருவங்கள் பாறையில் கொத்தப்பட்டுள்ளன. சில பாறைகளைக் கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். தட்டித் தட்டிக் குழிந்த வடுக்களும் அவற்றில் உண்டு. ஏறிச்செல்லக் கடினமான இடங்களில் உள்ள இவ்வுருவங்களும் ஒலியும் சடங்கோடு சேர்ந்தவையாக இருக்கலாம் என்று நிக்கோல் பாய்வின் 2004இல் எழுதினார். தமிழகப் பக்கத்தில் இதே புதிய கற்கால வாழ்வின் தடயம் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் அகழப்பட்டது.

இம்மேய்ப்பரிடம் திமில் மாடும் ஆடும் இருந்தன. சிறுதானியமும் கொள்ளும் பயறும் விளைந்தன. வோல்காவோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. மேய்ச்சல் வாழ்வு இந்தியாவுக்கு வடமேற்குக் கணவாய் வழியே குதிரையேறி வந்தது என்று முதல் ஐந்து கதைகளை மட்டும் படித்தவர் நினைக்கக்கூடும். கதையின் கி.மு. 2500இல் புருகூதன் செம்புக்காகப் போரிட்ட அதே காலத்தில் தக்காணத்தில் பட்டிகள் கட்டி மாடு வளர்த்தவர்கள் இருந்தனர் என்பதே அதற்கு மறுப்பு.

மதிப்பீடு

வரலாற்றுப் பாடநூலாக இதை எடுத்துக்கொள்வது பொருந்தாது. 1942இல் கையில் இருந்த சான்றுகளையும் ஒரு கொள்கையையும் கொண்டு கட்டிய புனைவு இது. ஆயினும் அரசர் பெயர் வரிசையாகவே வரலாற்றைப் படித்த தலைமுறைக்கு, உணவு யார் தேடினார், மந்தை யாருடையது, முடிவை யார் எடுத்தார் என்ற கேள்விகளைக் கதையாக முன்வைத்த நூல் இதுவே. உட்னூர் சாம்பலையும் குப்கல் பாறையையும் பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளும் அவையேதான். அவற்றோடு ராகுல்ஜி கேட்காமல் விட்ட ஒன்றும் சேரும்: அத்தனை உழைப்பில் கட்டிய பட்டியை அவர்கள் எதற்காகத் திரும்பத் திரும்ப எரித்தார்கள்?